ஹேசலின் காது

ஒரு அம்மாளின் காதுக்காக நான் ஜெர்மனிக்குப் போய்வந்தேன். விசாவுக்கு விண்ணப்பித்தபோது, பயணத்தின் நோக்கம் என்ன என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கேட்டாள். கவிதை வாசிக்க என்றேன். எந்த விழா என்றாள். விழா இல்லை, ஒரே ஒருவருக்கு வாசிக்கப் போகிறேன், அவருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். நரைத்த தலையைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும், விசா கிடைத்துவிட்டது.

ஹேசல் அமெரிக்கக் கவிஞர். குடும்பப் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் வெறும் ஹேசல் என்றே வைத்துக்கொள்வோம். கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடாக இருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்தவர். பல வருடங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டினார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாயங்காலம் அவர்களைத் திரும்ப ஏற்றும் வரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே எழுதுவாராம். அதனாலோ என்னவோ, அவருடைய வரிகள் குட்டை குட்டையாக, அங்கங்கே நின்று நின்று கிளம்பும். ஐம்பது வயதுக்கு மேல் இரண்டாவதாக ஒரு ஜெர்மானியரைக் கல்யாணம் செய்துகொண்டு பான் நகரத்துக்கு வந்தார். அந்தக் கணவரும் தவறிப்போய், இப்போது ரைன் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். மொத்தமே சில மெல்லிய தொகுப்புகள்தான். பெரிய பரிசு எதுவும் வாங்கியதில்லை.

மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் கேக் செய்முறைப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்த ஒரு கட்டுக்குள் அவர் எனக்குக் கிடைத்தார். நின்றுகொண்டே நான் முதலில் வாசித்த கவிதையின் பெயர் ‘திருப்பித் தர வேண்டிய பாத்திரங்கள்’. ஹேசலின் மகள் ஏமி, கல்லூரிக்குப் போகிற வயதில் ஆற்றில் மூழ்கிப்போனாள். அந்த வாரம் முழுக்க ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். திருப்பித் தர வசதியாகப் பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. தாய் ஒவ்வொன்றாகக் கழுவி, கவிழ்த்து, பெயரை வாசித்து அடுக்குகிறாள். அவ்வளவுதான் கவிதை. நம் வீடுகளிலும் துக்கம் என்றால் அடுப்பு மூட்ட மாட்டார்கள், பக்கத்து வீட்டுச் சாப்பாடு பெயர் வெட்டின தூக்குவாளியில் வரும். பேருந்து ஓட்டும் அமெரிக்கக்காரிக்கு என் வீட்டு விஷயம் எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன். கேக் புத்தகத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார் கடைக்காரர், வாங்கினேன்.

வங்கி வேலைக்கு நடுவே ஒவ்வொன்றாகத் தமிழில் கொண்டுவர ஆரம்பித்தேன். அனுமதி கேட்டு எழுதியபோது ஹேசல் ஒரு நிபந்தனை போட்டார். தனக்கு என் மொழி தெரியாது, ஆகவே நேரில் வந்து முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும், கேட்டுவிட்டுத்தான் சரி என்றோ கூடாது என்றோ சொல்ல முடியும் என்றார். போலந்துக்காரர் ஒருவர் அப்படி வாசித்துச் சம்மதம் வாங்கியிருக்கிறார். போர்ச்சுகல்லில் இருந்து வந்தவரை ஹேசல் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார். போனில் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். போனில் மூச்சு வராது என்று ஒரே வரியில் பதில்.

வருடங்கள் ஓடின. வேலை இருந்தது, பிறகு என் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போனது, பிறகு அவர் தவறினார். கோயம்புத்தூர்ப் பதிப்பாளர் அச்சுக்குத் தயாராக வைத்துக்கொண்டு, அந்த அம்மாள் சம்மதம் இல்லாமல் தொட மாட்டேன் என்று காத்திருந்தார். இந்த வருடம் சித்திரையில் பானிலிருந்து மெர்சி என்ற தமிழ்ப் பெண் கூப்பிட்டாள். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஹேசல் வீட்டுக்குத் தினமும் போவாள். மன்னாரில் இருந்து சின்ன வயதிலேயே அகதியாக வந்தவள்.

“அக்கா, அவவுக்கு ஒரு காது முழுக்கப் போயிற்றுது. மற்றதும் போய்க்கொண்டிருக்குது. வாறதெண்டா கெதியா வாங்கோ.”

வைகாசியில் கிளம்பிவிட்டேன்.

ஜெர்மனியில் ரயில் நேரத்துக்கு வரும் என்று ஊரில் எனக்கு எல்லாரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வண்டி நம் ஊர் பாசஞ்சர் மாதிரி நிதானமாகத்தான் வந்தது. வருவதற்குச் சற்று முன்னால் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். உடனே பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை பேரும், டை கட்டியவர் உட்பட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். விஷயம் என்னவென்றால் ரயில் பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வருகின்றன, முன்னால் நிற்க வேண்டிய பெட்டி பின்னால் நிற்கும். புடவையும் கான்வாஸ் ஷூவுமாக நானும் ஓடினேன். யாரென்றே தெரியாத ஒரு பெரியவர் என் பெட்டியின் இன்னொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார்.

ஏறி மூச்சு வாங்கியதும், எங்கள் ரயில் நேரத்துக்கு வரும் என்பதை வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான் இன்னும் நம்புகிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெட்டிக்குள் என்ன இவ்வளவு கனம் என்று கேட்டார். முறுக்கு, பருப்புப் பொடி, மொழிபெயர்ப்பு என்றேன். முறுக்கை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். பல்லுக்குப் பயந்து ஓரத்தில் கடித்துப் பார்த்துவிட்டு, பான் வருவதற்குள் நான்கு சாப்பிட்டார்.

மெர்சி வீட்டில்தான் தங்கினேன். ஓட்டல் எடுக்கிறேன் என்றதற்கு அவள் சண்டைக்கே வந்துவிட்டாள். அவள் கணவர் பேக்கரியில் வேலை பார்க்கிறார், நாம் படுக்கும் நேரத்தில் கிளம்பி நாம் எழும் நேரத்தில் வருவார். போனதும் பிட்டும் மீன் சொதியும் சம்பலும் வைத்தாள். எங்கள் பக்கம் புட்டுக்குச் சர்க்கரையும் பழமும்தான், மீனோடு எப்படி என்று முதல் வாயில் யோசித்தேன், அதற்குப் பிறகு யோசிக்க நேரமில்லை. போனில் ஜெர்மனில் யாரையோ அதட்டிக்கொண்டே எனக்கு இரண்டாம் தடவை பரிமாறினாள்.

மறுநாள் காலை ஹேசலைப் பார்த்தேன். ஒல்லியாக, உயரமாக, ஆண்கள் போடும் கம்பளிச் சட்டையில் இருந்தார். கைகள் மட்டும் பெரியவை, ஸ்டியரிங் பிடித்த கைகள். என் இரண்டு கன்னத்தையும் அந்தக் கைகளால் பிடித்து, இவ்வளவு தூரம் வந்துவிட்டாயே என்றார்.

மேஜைக்குப் போகிற வழியில் அவர் காதில் மாட்டியிருந்த கேட்கும் கருவி கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் செத்த மாதிரி அடங்கியது. பேட்டரி மாற்றினோம், துடைத்தோம், மெர்சி ஊதிப் பார்த்தாள். அசையவில்லை. கருவி வாங்கிய கடைக்குப் போன் செய்தால் டெர்மின் வேண்டும் என்றார்கள். ஜெர்மனியில் டெர்மின் இல்லாமல் ஒன்றும் நடக்காது, முன்பதிவு நேரம் என்று அர்த்தம். கிடைத்த டெர்மின் நான் ஊர் திரும்பிய பிறகு வரும் வாரத்தில்.

சரி, கத்தி வாசிக்கிறேன் என்றேன். ஹேசல் சம்மதித்து, நல்ல காதை என் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டார். காய்கறிக்காரர் போலத் தொண்டையைத் திறந்து, பனியில் நிற்கும் பேருந்தைப் பற்றிய மென்மையான ஒரு கவிதையை முழங்கினேன். இரண்டாவது கவிதையின் நடுவில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர். மத்தியானம் அமைதி நேரம், இந்த வீட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று விசாரித்ததாக மெர்சி சொன்னாள். திட்டவில்லை, கவிதை என்று அவள் விளக்கியதற்கு, கவிதையை மூன்று மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமே என்றாராம்.

ஹேசல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, கத்தினால் கேட்கிறது, ஆனால் கத்தல்தான் கேட்கிறது, கவிதை கேட்கவில்லை என்றார். கேட்காததற்குச் சரி என்று சொல்ல முடியாதாம். அவர் கறார் எனக்குத் தெரியும், அதற்காகத்தானே வந்தேன். இருந்தாலும் மேஜையில் இருந்த வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு என் தொண்டையில் இறங்கவில்லை. ஸ்பார்கல் என்று அந்தப் பருவத்தில் ஊரே அதைத்தான் சாப்பிடுகிறது. உப்பும் வெண்ணெயும் போட்டு வேகவைத்த முருங்கைக்காயின் சாதுவான தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த நாள் மெர்சிக்கு விடுமுறை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது பொறுக்காமல் ஊன்ட்றொப் என்ற ஊரில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் அம்மாளிட்டப் போவம் என்றாள். தொழிற்சாலைகளுக்கும் கால்வாய்க்கும் நடுவில் திடீரென்று கோபுரம் நிற்கிறது. வெளியே லாரிகள், உள்ளே கற்பூரம். காமாட்சியிடம் பிள்ளைக்காக, படிப்புக்காக, வேலைக்காக வேண்டியிருக்கிறேன். ஒரு அமெரிக்கக் கிறிஸ்தவ அம்மாளின் வலது காதுக்காக வேண்டியது அன்றுதான். வரும் வழியில் காருக்குள் பருத்தித்துறை வடையைக் கடித்துக்கொண்டு, அம்மன் என்ன செய்யிறா பாப்பம் என்றாள் மெர்சி.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் மறுபடி ஹேசல் வீட்டுக்குப் போனோம். எனக்கு நம்பிக்கை இல்லை, சொல்லிக்கொண்டு வரத்தான் போனேன். ஹேசலோ எனக்காக ஒரு முக்காலியை ஜன்னலோரம் போட்டு வைத்திருந்தார். அதில் தன்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்து உட்காரச் சொன்னார். பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து என் முதுகின் நடுவில் வைத்தார்.

“மெதுவாக வாசி. உன் வீட்டில் வாசிப்பது போல. பேருந்தில் என்ஜின் சத்தத்தைக் காதால் மட்டும் கேட்க மாட்டேன், இருக்கையாலும் கேட்பேன்.”

வாசித்தேன். அந்தக் கை கனமாக, சூடாக இருந்தது. முதலில் கூச்சமாக இருந்தது, நான்கைந்து கவிதைக்குப் பிறகு அது இல்லாமல் வாசிக்க முடியாது என்று ஆகிவிட்டது. பேருந்துக் கவிதைகள், சோளம் அறுத்த பிறகு நிற்கும் தாள்களைப் பற்றியவை, அந்நிய ஊரில் ரொட்டிக் கடையில் சொல் கிடைக்காமல் நின்றது, இரண்டாம் கணவரின் குறட்டை. சில இடங்களில் அவர் விரல் ஒன்று லேசாகத் தட்டியது, அது தன்னுடைய வரி முடிகிற இடம் என்று பிறகு சொன்னார். நடுவில் மெர்சி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். ஆற்றில் சரக்குப் படகுகள் போய்க்கொண்டிருந்தன.

கடைசியாக ‘திருப்பித் தர வேண்டிய பாத்திரங்கள்’. எனக்கு மிகவும் பிடித்தது, பத்து தடவைக்கு மேல் திருத்தியது. வாசித்து முடித்தேன். கை முதுகிலிருந்து எடுபடவில்லை.

இன்னொரு தடவை என்றார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார்.

“மற்றதெல்லாம் சரி. இதைத் தர மாட்டேன். இதில் கடைசி வரியில் நீ மூச்சை நிறுத்திவிட்டு ஓடிவிடுகிறாய். அங்கே என்ன போட்டிருக்கிறாய்?”

கடைசி வரியில் ஆங்கிலத்தில் இருப்பது வெறும் செய்தி. பாத்திரங்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போகின்றன, ஏமி செத்துப்போனாள். அவ்வளவுதான். நான் தமிழில் ‘ஏமி இல்லாமல் போனாள்’ என்று வைத்திருந்தேன். திரும்பி உட்கார்ந்து, அவர் நல்ல காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து உரக்க விளக்கினேன். எங்கள் வீடுகளில் நம் மனிதர்களைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டோம். தவறிவிட்டார், காலமானார், சாமிகிட்டப் போயிட்டார் என்போம். விரோதிக்கும் ஆடுமாட்டுக்கும்தான் அந்தச் சொல். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தாய் அப்படிச் சொன்னால் தமிழில் அது காதில் அறைகிற மாதிரி இருக்கும் என்றேன்.

“ஆங்கிலத்திலும் அறையத்தான் செய்யும்,” என்றார் ஹேசல். “அந்த வாரம் முழுக்க எல்லாரும் மெத்தென்ற சொற்களாகக் கொண்டுவந்தார்கள், சாப்பாட்டோடு சேர்த்து. அந்தச் சொல்லை ஒருவரும் கொண்டுவரவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகத்தான் எழுதினேன். நீ யாரைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருக்கிறாய்?”

என் வீட்டுக்காரர் என்றேன். என்ன ஆனார் என்று கேட்டார். ஆங்கிலத்திலும் எனக்கு மழுப்பல் சொல்தான் வந்தது. அவர் நல்ல காதை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார். செத்துப்போனார் என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. இரண்டு வருடமாக ஊரில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன், இப்படி மட்டும் சொன்னதில்லை. கொஞ்சம் பலமாக மறுபடி சொன்னேன்.

அடுக்களையில் இருந்து மெர்சி கையில் துணியோடு வந்து நின்றாள்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. அந்தச் சொல்லை எனக்குக் கேக்க ஏலாது.”

அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சண்டை முடிந்த வருடம் அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு எந்தத் தகவலும் இல்லை. உடலும் இல்லை, இருக்கிறான் என்ற செய்தியும் இல்லை. மன்னாரில் அம்மா இன்னும் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு, அப்படிப் பிள்ளையைத் தேடும் மற்றத் தாய்மாரோடு ரோட்டில் போய் உட்காருகிறார்.

“எங்கட வீட்டில அந்தச் சொல்லைச் சொல்லுறேல்ல. ஆரும் வாய் தவறிச் சொன்னாலும் அம்மா எழும்பிப் போயிடுவா. எங்கயோ இருக்கிறான் எண்டுதான் அவ சாப்பிடுறா, படுக்கிறா.”

இதை ஹேசலின் காதில் மொழிபெயர்த்தேன். என் வாழ்நாளில் செய்த மொழிபெயர்ப்புகளில் அதுதான் கடினம். ஹேசலுக்கு மெர்சி பல வருடமாகத் தலை வாரிவிடுகிறாள், குளிப்பாட்டுகிறாள். தம்பியைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவர் மெர்சியின் கையைப் பிடித்து, துணியோடு சேர்த்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“என் மகளின் முகத்தை நான் பார்த்தேன். அதனால் எனக்கு அந்தச் சொல் வேண்டும். மெர்சி தன் தம்பியைப் பார்க்கவில்லை. அவளிடம் யாரும் அதைக் கேட்கக் கூடாது, நானும் கூட.”

மெர்சிக்கு ஆங்கிலம் போதாது. தமிழில் சொன்னேன். தலையாட்டினாள். நீங்கள் வாசியுங்கோ அக்கா, நான் வெளியில நிக்கிறன் என்று பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

நான் மறுபடி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தேன். ஹேசலின் கை முதுகில் வந்து அமர்ந்தது. பாத்திரங்கள் கழுவப்பட்டன, கவிழ்ந்தன, பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஏமி செத்துப்போனாள் என்று வாசித்தேன். ஓடவில்லை. அந்த இடத்தில் நின்று, முழுதாக ஒரு மூச்சு விட்டேன், பிறகு அழுதுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, இப்போது சரி, அச்சுக்குக் கொடு என்றார் ஹேசல்.

ரயில் நிலையத்துக்கு மெர்சி வந்து ஏற்றிவிட்டாள். அவள் கணவர் பேக்கரியில் இருந்து கொண்டுவந்த ரொட்டியை என் பெட்டியில் திணித்தாள். வண்டி அன்றும் தாமதம், இந்தத் தடவை நல்லதாகப் போயிற்று. ஏறும் நேரத்தில்தான் கேட்டாள்.

“புத்தகம் வந்தா மன்னாருக்கு அம்மாவுக்கும் ஒண்டு அனுப்புங்கோ அக்கா. அவவுக்கு வாசிக்கிறதெண்டா உயிர். அந்தப் பக்கத்தை மட்டும் ஒட்டிவிடுங்கோ.”

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் புத்தகம் வந்துவிட்டது. அம்மாவுக்கான பிரதியை எடுத்து, அந்தக் கவிதை இருக்கும் இரண்டு தாள்களின் ஓரங்களிலும் பசை தடவி, மேலே அகராதியைப் பாரமாக வைத்து ஒட்டினேன். பார்த்தால் சற்றுத் தடித்த ஒரே தாள் போல இருந்தது. மன்னாருக்குத் தபாலில் போட்டேன்.

கல்லறைத் திருநாளுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்சி கூப்பிட்டாள். ஹேசலுக்கு வலது காதும் முழுக்கப் போய்விட்டது, ஆனால் என் புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருக்கிறார் என்றாள். பிறகுதான் கூப்பிட்ட விஷயத்துக்கு வந்தாள்.

“அம்மா அந்தப் பக்கத்தைப் பிரிச்சிட்டா அக்கா. கத்தி வச்சு, கிழியாம. தங்கச்சி கண்டவள்.”

கோபப்பட்டார்களா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“இல்லை. வருசா வருசம் அப்பாவின்ர கல்லறையில ஒரு மெழுகுதிரிதான் கொளுத்துறவ. இந்த முறை ரெண்டு கொளுத்தினவவாம்.”

இரண்டாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.